உனக்கென்ன என்ற நாய்

மாமே அட்டாவின் வெள்ளைச் செருப்பில் இடது கால் மட்டும் கடிபட்டுப் போயிருந்தது. மிஞ்சிய வலது செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் முற்றத்தின் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டகோராடி துறைமுகத்து மீன் கிடங்கில் வேலை முடிந்து அராபா அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் அறையின் கொசுவலைக் கதவு கீழ்ப்பாதி கிழிந்து தொங்கியது. அதன் முன்னால் அவளுடைய நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு வயதாகாத நாய்.

வீட்டுச் சொந்தக்காரம்மா மாமே அட்டாதான்; மற்ற எல்லோரும் ஆளுக்கோர் அறையில் வாடகைக்கு இருப்பவர்கள். சத்தம் போடுகிறவர் இல்லை.

"சிஸ்டர் அராபா, மத்தவங்க சாமான் இன்னும் ஒண்ணு போச்சுன்னா நாய் போயிடணும். நீ இருக்கலாம்."

அந்த ‘நீ இருக்கலாம்’தான் அராபாவுக்கு வலித்தது. நாய் வருவதற்கு முன்னால் அந்த அறையில் எப்படி இருந்தோம் என்பது அவளுக்கு நினைவிருந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால், காலையில் அவள் விட்டுப்போன காற்று அசையாமல் அப்படியே இருக்கும்.

அவள் எல்லாம் செய்து பார்த்திருந்தாள். முதலில் படுக்கை விரிப்பு போனது, பிறகு வாளியின் விளிம்பு, பிறகு ரேடியோவின் ஒயர். வேலையிலிருந்து வந்து, கடித்த பொருளைக் காட்டி அடித்தாள். அதில் நாய் கற்றுக்கொண்டது, அவள் வரும்போது பதுங்குவதை மட்டும்தான். கட்டிப்போட்டாள், கயிற்றைக் கடித்தது. கடைசியில் தன்னுடைய பழைய ரப்பர் செருப்பு ஒன்றை அதனிடமே கொடுத்தாள், இதைக் கடி மற்றதை விடு என்று. நாய்க்கு முதல் பாதிதான் புரிந்தது. எல்லோரும் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற வீட்டில் அது எப்பேர்ப்பட்ட பாடம் என்று, வலை கிழிந்த அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

மற்றவர்கள் எல்லோரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். மாமே அட்டாவும் சந்தையில் தன் துணிக்கடைக்குப் போவார், சனி ஞாயிறு தவிர. பகலில் வீட்டோடு இருப்பது எதிர் அறை மன்சா ஒருத்திதான். அறையில் ஃப்ரீசர் வைத்து, பைகளில் குளிர்ந்த தண்ணீரும் சிவப்புச் சர்பத்தும் கட்டி வாசலில் விற்கிறவள். அவளிடம் அராபா பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

நாயின் பெயர்தான் காரணம். ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்து, தினமும் வாசலில் நின்று கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். அராபா குட்டியோடு வந்த அன்று, குழந்தையைத் தூக்க வேண்டிய வயதில் நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறாளே என்று மன்சா முற்றத்துக்கே கேட்கும்படி சொன்னாள். இருட்டுவதற்குள் குட்டிக்கு உனக்கென்ன என்று பெயர் வந்துவிட்டது. உனக்கென்ன, சாப்பிட வா. உனக்கென்ன, உள்ளே போ.

இப்போது அராபா மன்சாவின் கதவருகில் போய் நின்றாள். மன்சா பைகளுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, பகல்ல அது என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்கென்ன?" என்றாள் மன்சா, தலையைத் தூக்காமல்.

அராபா நகரவில்லை. மன்சா இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டாள். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அவளுக்குச் சிரமம்.

"நீ போனதும் கொஞ்ச நேரம் அழும். அப்புறம் தூங்கிடும். மத்தியானத்துக்கு மேல தெரு அடங்கிடும் பாரு, அப்ப எழுந்திருக்கும். பார்த்தா ஒருத்தரும் இல்ல. அப்பதான் வாய் வைக்க ஆரம்பிக்கும்."

அந்த நேரத்துக்கு அதன் வாய்க்கு ஒரு வேலை வேண்டும். அராபா சில நாட்களாகவே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். கிடங்கில் மீன் வேகவைத்த தண்ணீர் கிடைக்கும். முள் இல்லாமல் வடிகட்டி, சந்தையில் விற்கிற காய்ந்த மாட்டுத்தோல் ஒரு துண்டு போட்டு, மூடி போட்ட டப்பாவில் உறைய வைத்தால் வெகு நேரம் நக்கும், கடிக்கும். ஆனால் அதற்கு ஃப்ரீசர் வேண்டும். தெரு அடங்கும் நேரத்தில் எடுத்துக் கொடுக்க ஒரு கையும் வேண்டும்.

மன்சா முதலில் மீன் வாசத்தைப் பற்றிக் கேட்டாள். பிறகு பைகளை ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பேரு என்னைச் சொன்னதுதானே?"

"ஆமா ஆன்ட்டி."

"இல்லன்னு சொல்லியிருந்தா துரத்தியிருப்பேன்." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "டப்பாவக் கொண்டா. ஆனா இனிமே அதுக்குப் பேரு ‘எனக்கும்தான்’."

தச்சரை வைத்து அராபா கதவின் கீழ்ப்பாதிக்குக் கம்பி வலை அடித்தாள். பழைய செருப்பைக் குப்பையில் போட்டாள். அறையில் தரையில் கிடந்ததையெல்லாம் ஆணியில் மாட்டினாள். வெளிச்சம் வரும்போதே நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் ஓடவிட்டு, அது நாக்கைத் தொங்கப்போட்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்பினாள். புதிய பெயருக்கு நாய் முதலில் காதைக்கூட அசைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரோடு ஐஸ்கட்டியும் வருகிறது என்று தெரிந்ததும், மன்சா முற்றத்தைக் கடக்கும்போதே கதவருகில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. படகுகள் வந்திருந்ததால் அராபாவுக்கு அன்றும் வேலை. காலையில் மன்சா கறுப்பும் சிவப்புமான துக்கத் துணி கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஷாமாவில் சாவு, சாயங்காலம்தான் வருவேன், என் அறைச் சாவியை மாமேயிடம் கொடுத்திருக்கிறேன், ஐஸை அவர் எடுத்துக் கொடுப்பார் என்றாள்.

அன்று முழுக்க அராபா தராசைப் பார்த்தாளே தவிர, மனம் அதில் இல்லை; இரண்டு முறை எடையைத் தப்பாகப் படித்தாள். நாயைப் போகச் சொன்னவர் கையிலேயே நாய் இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது முற்றமெங்கும் ஈர்க்குகள் சிதறிக் கிடந்தன. பனை ஈர்க்குத் துடைப்பத்தின் கட்டு மட்டும் ஓர் ஓரத்தில் கிடந்தது. மாமே அட்டா முக்காலியில் உட்கார்ந்து விரல்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நாய் அவர் காலடியில் ஐஸ்கட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அதன் மூக்குக்கு ஒரு கை தூரத்தில் அவருடைய புதிய வெள்ளைச் செருப்புகள், இரண்டு கால்களும் முழுசாக.

அராபா பையைக் கீழே வைத்தாள்.

"மாமே, அது உங்க துடைப்பம்."

"தெரியும்," என்றார் மாமே அட்டா. "எல்லாம் அடங்கிப்போச்சா, கண்ணசந்துட்டேன். முழிச்சு ஓடி வந்து உன் கதவைத் திறந்தா, கைக்குக் கீழ பூந்து வெளிய வந்துருச்சு. ஐஸ் கொடுக்க லேட்டானது என் தப்பு."

மாமே அட்டா செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மத்தவங்க சாமான்னுதானே சொன்னேன். என்னோடதைக் கணக்குல சேர்க்க வேணாம்," என்றார். "ஐஸ் கையில ஒட்டிக்குது. இனிமே ஒரு துணியும் சேர்த்து வச்சிட்டுப் போ."

அவர் உள்ளே போனதும் அராபா குனிந்து, நீளம் மிச்சமிருந்த ஈர்க்குகளைப் பொறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.