உள்ளிருந்து இரண்டு தட்டு

தட்டலாம், தட்டாமலும் இருந்து பார்க்கலாம், தட்டாவிட்டால் நான் உள்ளே இருப்பது இவருக்கு எவ்வளவு நேரம் நினைவிருக்கும், முழங்காலை மார்போடு மடக்கிப் படுத்திருக்கிறேன், ப்ளைவுட்டின் பசை வாசம் தொண்டையில் இறங்குகிறது, பலகைக்கு வெளியே என் கணவர் மயில்சாமி, ஓய்வு பெற்ற கையோடு பழைய வேன் ஒன்றை வாங்கி வீடாக்கிக்கொண்டிருக்கிறார், இனி ஊர் ஊராப் போய்ட்டே இருக்கலாம் அம்முணி, இதுதான் நம்ம வீடு என்று கோயம்புத்தூர் வீட்டை வாடகைக்குப் பேசிவிட்டார், என்னைக் கேட்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் சாமான் வைக்கிற நீளப் பெட்டி இது, வேனுக்குள் பொருத்துவதற்கு முன்பே மூடிக்குக் கீல் மாட்டியிருக்க வேண்டும், அவசரத்தில் மறந்துவிட்டார், இப்போது மூடியை மூடிவைத்து அவர் வெளியிலிருந்து போல்ட்டைச் செருக, உள்ளேயிருந்து ஒருவர் நட்டைப் பிடிக்க வேண்டும், நீ போனா அடங்கிருவ, நான் போனா பொட்டியே பொளந்துரும் என்று தொப்பையைத் தட்டிச் சிரித்தார், நட்டைப் பிடித்ததும் இரண்டு தட்டு தட்ட வேண்டும், அதுதான் பேச்சு.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு, பெரியம்மா வீட்டு மரபீரோவின் இருட்டும் இதுதான், கண்ணாமூச்சியில் நான் அதற்குள் ஒளிந்திருக்கிறேன், பட்டுச்சேலைகள் முகத்தில் உரசுகின்றன, வெளியே சத்தம் குறைந்துகொண்டே போகிறது, என்னைத் தேடாமலே ஆட்டம் முடிந்து எல்லோரும் பணியாரம் தின்னப் போய்விட்டார்கள், விளக்கு வைத்த பிறகு நானாக வெளியே வந்தேன், அடியே, நீ இங்கதான் இருந்தியா, இருக்கற எடமே தெரீலயே, சமத்து என்று பெரியம்மா கன்னத்தைக் கிள்ளினாள், பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள், எங்க புள்ள இருக்கற எடமே தெரியாதுங்க, அவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள், மயில்சாமியும் ஆட்டினார், ஆனால் பீரோவிலிருந்து அன்று முழுதாக வெளியே வந்தேனா, இப்போது காலருகில் ஏதோ அசைகிறது, சின்ன மூச்சு, சேலை மடிப்புக்குள் அடக்கிவைத்த மூச்சு, என் பாதத்தில் ஒரு குட்டிக் கால் படுகிறது, பிறகு பலகையில் இரண்டு தட்டு.

ஆங், கேட்டுது, கெட்டியாப் புடிச்சுக்க என்கிறார் வெளியே, போல்ட் திருகி இறங்குகிறது, என் இரண்டு கைகளும் நட்டில்தான் இருக்கின்றன, நான் தட்டவில்லை.

மூடி திறந்தது, வெளிச்சம் கண்ணைக் குத்த எழுந்து வெளியே வந்தேன், உள்ளே திரும்பிப் பார்த்தேன், மரத்தூள் மட்டும் இருந்தது, அதில் ஒரு சிறிய குதிகாலின் குழி, உள்ள ஒரு ஆளு இருக்கற மாதிரியே இல்ல போ, கெட்டிக்காரி நீ என்றார், இன்னொரு கீலுதான், மறுக்கா எறங்கிக்க.

நான் வரலைங்க.

எங்க, பொட்டிக்குள்ளயா?

வேனுக்குள்ளயும்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு காதில் விழாதவர்போல ஸ்பேனரைத் துடைத்தார், செரி செரி, வெயில்ல தல சுத்துதாட்ட, டீ குடிச்சுட்டு வந்து பேசிக்கலாம், தூசி உழுகுது, மூடியச் சாத்தறேன், கைய எடு, என் கை பெட்டியின் விளிம்பில் இருந்தது, விரல்களின் மேல் மூடி மெல்ல இறங்கித் தொட்டு நின்றது, நசுங்கிரும் அம்முணி, எடு என்றார்.

சாத்தாதீங்க என்றேன், கையை எடுக்கவில்லை.