சுலபமில்லாத கை

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த பெண் கைப்பேசியில், "இன்னிக்கு எனக்கு உன் கை வேணும். ஆறு மணிக்குள்ள வந்துடு," என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். இரண்டே வாக்கியங்கள். இரண்டிலும் திருத்துவதற்கு ஏதுமில்லை. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே ஆறு வாரங்களாக என் கவலை.

முதல் தொடக்கம்: மருத்துவமனையின் கண்ணாடிச் சன்னல்களில் மாலை வெயில் மெல்லச்—

வேண்டாம். வெயிலை வைத்துத் தொடங்க எனக்கு நன்றாகவே வரும். நன்றாக வருவதையே மறுபடி செய்து பார்ப்பதில் பயனில்லை.

பதினேழாம் தொடக்கம்: அவள் மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் எடுப்பவள், திறன் தேர்வில் இரண்டு முறை தோற்றவள்.

இது நிற்கட்டும்.

2

தேர்வு எளிமையானது. ஆய்வக மேற்பார்வையாளர் ஐந்து நோயாளிகளைத் தேர்ந்து தருவார். ஐந்து பேரிடமும் ஒரே குத்தில் இரத்தம் எடுக்க வேண்டும். மூன்றாம் முறையும் தவறினால் பதிவு மேசை. அங்கே ஊசி கிடையாது, சீட்டுதான். அவளுக்கோ ஊசிதான் பிடித்திருந்தது. நடுங்கிக்கொண்டு வந்தவர் பஞ்சை அழுத்தியபடி, "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோகும் அந்த நொடியை அவள் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

இரண்டாம் முறை தோற்ற அன்று மேற்பார்வையாளர் அவளை அழைத்தார். அவளைவிட மூன்று வயது இளையவர். அதனால் குரலில் கூடுதல் கண்டிப்பு.

"வீட்ல பழகுறீங்களா?"

"தெனமும் மேடம். நரம்பத்* தொட்டுத் தொட்டுப் பாப்பேன். தொண்ணூறு நாளாச்சு."

"யார் கையில?"

"எங்க வீட்டுக்காரர் கையிலதான்."

"அவர் என்ன வேலை பாக்குறாரு?"

"பீரோ, கட்டில் எல்லாம் லாரில ஏத்தி எறக்குவாரு."

"அப்ப நரம்பு கயிறு மாதிரி இருக்குமே?"

"ஆமா மேடம், வாசல்ல இருந்தே தெரியும்!"

"அதுக்குப் பேரு பயிற்சி இல்லம்மா," என்றார் மேற்பார்வையாளர். "தாம்பத்தியம். குத்த உங்களுக்கு நல்லாவே வருது. தேடத்தான் வரலை. அதனால குத்துறதப் பத்தின கவலைய விடுங்க. தேடுறத மட்டும் பழகுங்க. கிடைக்காத கையாப் பாத்துப் பழகுங்க."

(* மருத்துவ நூல்கள் இதனைச் சிரை என்கின்றன. ஊசியைக் கையில் வைத்திருக்கும் எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.)

3

இங்கே நாத்தனார் வருகிறாள். முதற்படியில் அவளைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். ஒரு முழுப் பக்கம், கால் மணி நேரத்தில். அந்த வேகந்தான் என்னை உறுத்தியது. பொல்லாத நாத்தனாரை எழுத எனக்கு யோசனையே தேவைப்படவில்லை, வாசலிலிருந்தே தெரிந்தாள். பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இப்போது இருப்பவள் கணவனின் தங்கை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அறுபது பிள்ளைகளின் கூச்சலுக்கு அசையாதவள். ஊசியைக் கண்டால் நாற்காலியோடு சாய்பவள். விரல் வைத்தால் மெத்தைபோல் உள்வாங்கும் கை. கைப்பேசியில் அழைக்கப்பட்டவள் இவளே.

"ஊசி இல்லன்னு சத்தியம் பண்ணுங்க அண்ணி."

"பேனாதான்டி. நல்லாப் பாத்துக்கோ."

"பேனாவுக்குள்ள ஊசி வெச்சிருந்தா?"

"அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் ரெண்டு தடவை ஃபெயிலாகுறேன்?"

பயிற்சிமுறை இது: கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முழங்கை மடிப்பில் விரலால் மட்டும் தேடி, நரம்பு இருப்பதாகத் தோன்றும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து, மேற்கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும். நரம்பு மெல்லப் புடைத்து, புள்ளி சரியா தவறா என்று உடனே சொல்லிவிடும். முகதாட்சண்யம் பாராத ஆசிரியர்.

முதல் நாள் பத்துப் புள்ளிகள். பத்தும் தவறு.

"என் கையில என்ன, பஸ் ரூட்டா போடுறீங்க?"

"ஆடாம இரு."

கணவன் எட்டிப் பார்த்தான். "என் கையும் சும்மாதான் கெடக்கு."

"உங்க கை எனக்கு மனப்பாடம். போங்க."

"கேட்டியா தங்கச்சி? தொண்ணூறு நாள் ஒழைச்சவனுக்கு இதுதான் மரியாதை."

பன்னிரண்டாம் நாள் பத்துக்கு மூன்று. அவள் கண்களில் நீர்— [நீக்கப்பட்டது. அவள் விட்டது கொட்டாவி. இத்தகைய பயிற்சியில் இன்பமில்லை. அலுப்பும், ஒவ்வொரு தவறிலும் எங்கே பிசகினோம் என்று பார்க்கும் பிடிவாதமும் மட்டுமே உண்டு.] அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் விரல் ஒன்றைக் கற்றது: அழுத்தினால் விறைத்து நிற்பது தசைநாண், அழுத்திவிட்டு விட்டால் விரலை மெல்லத் திருப்பித் தள்ளுவது நரம்பு.

பேருந்தில் ஒரு பிள்ளை நாத்தனாரின் கையைப் பார்த்து, "கொசுவா அக்கா?" என்று கேட்டதாம்.

"ஆமாடா. பேனா வெச்சிருக்குற கொசு. எங்க அண்ணனுக்குக் கட்டி வெச்சிருக்கோம்."

ஆறாம் வாரம், பத்துக்கு எட்டு. அன்று நாத்தனார் தானாகவே மற்றொரு கையையும் நீட்டினாள். "இத நீங்க இன்னும் பாக்கவே இல்லையே அண்ணி."

4

தேர்வு நாள். நான்கு பேருக்கு எடுத்தாயிற்று. நான்கும் ஒரே குத்து. ஐந்தாமவர் மீதம்.

முடிவு (அ): இரத்தம் வந்துவிடுகிறது, மேற்பார்வையாளர் முதன்முறையாகச் சிரிக்கிறார். ஒரு மூச்சில் எழுதினேன். ஆதலால் நம்பவில்லை.

முடிவு (ஆ): தவறிவிடுகிறது. பதிவு மேசையில் அமர்ந்து அவள்— சோகம் எனக்கு இன்னும் சரளமாக வருகிறது. என் கதைகளில் பாதிக்குமேல் இப்படித்தான் முடிகின்றன.

எனவே ஐந்தாவது நோயாளியை நான் எழுதவில்லை. நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். உங்கள் நரம்பு எங்கே ஓடுகிறதென்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நியாயமான தேர்வு என்பது அதுதான். சட்டைக் கையை மடித்துவிடுங்கள். இடது கை. உள்ளங்கை மேலே பார்க்கட்டும்.

"பயமா இருக்கா?" என்கிறாள்.

நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள்.

"எனக்குந்தான். ஒரு நிமிஷம்."

கண்களை மூடிக்கொள்கிறாள். முழங்கை மடிப்பில் அவள் விரல் நகர்கிறது, நிற்கிறது, சற்றே திரும்பி வந்து, மறுபடி நிற்கிறது. சுவரோரம் மேற்பார்வையாளர் பேனா மூடியைக் கழற்றுகிறார். அவள் கண்ணைத் திறந்து, பட்டையைக் கட்டி, ஊசியை எடுக்கிறாள்.

உங்கள் கையைத்தான் பிடித்திருக்கிறாள். கிடைத்ததா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.