கேள்வி நேரத்துப் பார்வையாளர்கள்

கப்பலோடு மூழ்கி இறந்த முப்பத்தேழு பேரும் எங்கள் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் முதன்முதலாக வந்து உட்கார்ந்தது ஒரு புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. வாசல் காவலர் அவர்களைச் சோதித்துப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை, உடையிலிருந்து கடல்நீர் சொட்டியது, அவ்வளவுதான். பார்வையாளர்கள் பேசக்கூடாது, கைதட்டக்கூடாது என்பது விதி. அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. ஆகவே உள்ளே விட்டார்.

அப்போது கீழே அவையில் நின்றுகொண்டிருந்தவர் நுகுதாப்புத் தீவின் உறுப்பினர் சலஃபாய். பத்தொன்பது வருடம் அந்தத் தீவின் ஒரே செவிலியாக இருந்தவர். வெளித்தீவுகளுக்குப் போகும் அரசுக் கப்பல் நல்ல வெயிலில், அமைதியான கடலில், அடிப்பாகம் பிளந்து மூழ்கியபோது அவருடைய தம்பி இயோவானேயும் அதில் போனான். ஓர் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அடுத்த தேர்தலில் தீவுக்காரர்கள் சலஃபாயை ஒரே ஒரு கேள்வியோடு தலைநகருக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பல் ஓடத் தகுதியானது என்று சான்று கொடுத்தது யார்? கப்பல் துறை அமைச்சர் தாஃபுனா மூன்று தடவை, விசாரணையில் இருக்கிறது என்றார். நான்காவது தடவை அதையே சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்த முப்பத்தேழு பேரும் படியேறி வந்தார்கள். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒருவர், மேலே பார்க்காமலே, "உங்க பதிலைக் கேக்கணும்னா செத்துதான் வரணும் போலிருக்கே அமைச்சரே!" என்று கத்தினார். அவை சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். சலஃபாய் தம்பியைக் கண்டுகொண்டார். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். எப்போதும் அப்படித்தான் போடுவான்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி பட்டியலில் இருந்த ஒவ்வொரு புதன்கிழமையும் அவர்கள் வந்தார்கள். பட்டியலில் இல்லாத நாளில் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் தீவுகளிலிருந்து குடும்பங்கள் புறப்பட்டு வந்து அவரவர் ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்தன. சுட்ட ஈரப்பலாக்காயும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பும் கொண்டுவந்து மடியில் வைத்துப் பார்த்தார்கள். இறந்தவர்கள் சாப்பிடவில்லை, அமைச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெலே என்ற பெண் மட்டும் புருஷனின் ஈரத் தலையைக் கேள்வி நேரம் முழுக்கத் துவட்டிக்கொண்டிருப்பாள். ஒன்பது வருடம் இப்படியே போனது. நான்கு அமைச்சர்கள் மாறினார்கள். கோப்பு வேறு துறையில் இருக்கிறது, கோப்பைக் கரையான் தின்றுவிட்டது, கரையானைப் பற்றி விசாரணை நடக்கிறது என்று பதில்களும் மாறின. தாஃபுனா துணைப் பிரதமர் ஆனார். சலஃபாய்க்குத் தலை நரைத்தது.

பத்தாவது வருடம் கப்பல் துறைக்கு அமைச்சராக வந்த செமிசி இளைஞர், இன்னும் பழகாதவர். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் நாடாளுமன்ற உணவகத்தில் சலஃபாயின் எதிரே வந்து உட்கார்ந்தார். "அந்தக் கோப்பு கெடச்சிருச்சும்மா. நாளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன்." சாயங்காலத்துக்குள் பெலேக்குத் தெரிந்துவிட்டது. சலஃபாயின் விடுதி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க கேளுங்க, வேணாங்கல. பதிலை மட்டும் வாங்கிடாதீங்க."

"என்னடி பேசுற நீ?"

"பதில் வந்துட்டா அவங்க எதுக்கு வரப்போறாங்க? எழுந்து போயிடுவாங்க. எனக்கு வாரத்துல அந்த ஒரு மணி நேரந்தான் இருக்கு. உங்க தம்பியும்தானே போவான்?"

அதையேதான் சலஃபாயும் அன்று மத்தியானத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவையில் எழுந்து நின்றார். மாடத்தைப் பார்க்காமல், காகிதத்தைப் பார்த்து, கேள்வியைக் கேட்டார்.

செமிசி வாசித்தார். கப்பலை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மூன்று அதிகாரிகள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே சான்று எழுதினார்கள். தொலைபேசியில் அப்படி எழுதச் சொன்னவர் அன்றைய அமைச்சர் தாஃபுனா. தாஃபுனா முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மாடத்தைப் பார்த்தார்கள். பெலே புருஷனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒருவரும் எழுந்து போகவில்லை. முப்பத்தேழு பேரும் இருக்கையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று சலஃபாய்க்குப் புரிந்தது. "துணைக்கேள்வி, அவைத் தலைவரே. இதைச் செஞ்சவங்க மேல என்ன நடவடிக்கை எடுக்கப் போறீங்க?"

சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சுபோச்சும்மா. எழுதிக் குடுங்க, முறைப்படி எடுத்துக்கலாம்."

மேலே பெலே சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெட்கத்தில் அவள் அதற்குப் பிறகு சலஃபாயின் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை.

அடுத்த மாதம் செமிசி விளையாட்டுத் துறைக்கு மாற்றப்பட்டார். மூன்று அதிகாரிகளுக்கும் பதவி உயர்வு கிடைத்தது. துணைக்கேள்வி பரிசீலனையில் இருப்பதாக இதுவரை அறுபத்தோரு தடவை பதில் வந்திருக்கிறது. அந்த முப்பத்தேழு பேரும் அறுபத்தோரு தடவை வந்திருக்கிறார்கள்.

போன வருடம் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வரைபடம் வந்தது. பார்வையாளர் மாடத்தில் முப்பத்தேழு பேருக்கும் நாற்காலிகளை நனைந்தாலும் கெடாத பிளாஸ்டிக்கில் போட்டு, கீழே நீர் வடியக் குழாயும் வைத்திருந்தார்கள். சலஃபாய் எண்ணிப் பார்த்தார். அதே வகை நாற்காலிகள் மொத்தம் நூற்றைம்பது இருந்தன.

"மிச்சமெல்லாம் யாருக்கு?" என்று கேட்டார்.

பொதுப்பணித் துறை எழுத்தர் மரியாதையாகத்தான் சொன்னார். "இன்னும் நாலு கப்பல் ஓடுதேம்மா. கட்டறப்பவே யோசிச்சுக் கட்டிடணும்ல?"

வரைபடம் அன்று பிற்பகல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எதிர்ப்பு எதுவும் இல்லை.