தட்டுக்கு முன்னால் ஒரு வேட்டை நாய்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவமனையில். கடைவாய்ப் பல் குத்தி எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஆறு பேர். வரவேற்பு மேஜையில் இருந்த பெண், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டோக்கன் எழுதியபடியே சொன்னாள்: "குட்டியா, பெரிய நாயான்னு அவளே சொல்லட்டும்னு பார்க்கிறேன். வாயே திறக்க மாட்டேங்கிறா."

இவ்வளவுதான் கேட்டேன். மீதியெல்லாம் நான் கட்டியது. முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'வேட்டை நாயின் வாயில் ஒரு மனித விரல் இருந்தது.'

அடித்துவிட்டேன். வாரப் பத்திரிகைக்கு எழுதிய நாட்களில் அந்த ஒரு விரலை வைத்தே பன்னிரண்டு வாரம் ஓட்டியிருப்பேன். இப்போது தெம்பில்லை. இதில் யாரும் சாக மாட்டார்கள்.

2

மேஜைக்காரி ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு முதல் மனைவி வழியில் ஒன்பது வயதில் ஒரு மகள். வீட்டில் கூப்பிடுவது சுண்டு. [முதல் மனைவி எப்படிப் போனாள் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அது வேறு கதை.]

சுண்டு படுத்தாத பிள்ளை. சிக்கலே அதுதான். சிவப்புச் சட்டையா, நீலமா? "உங்க இஷ்டம் சித்தி." டிவியில் என்ன போடட்டும்? "எதுன்னாலும் சரி சித்தி." 'எனக்கு இது வேணும்' என்று அந்த வாயிலிருந்து ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் மேஜைக்காரிக்கு. நாய் யோசனையே அதற்காகத்தான்.

களத்தில் இருவர். ஒன்று, மருத்துவமனை கம்பவுண்டர் வீட்டுக் குட்டி. கண்டதைக் கடிக்கும், கண்ட இடத்தில் ஈரம் பண்ணும். மற்றது நாலு வயது வேட்டை நாய். வளர்த்த வேட்டைக்காரருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. நாயை அனுமதிக்காத அடுக்குமாடிக்குக் குடி போகிறார். "மூணு நாள் வச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று வியாழன் மாலை விட்டுப்போனார்.

"பழக்கின நாய்ம்மா. குட்டின்னா நீதான் அள்ளிக் கொட்டணும்" என்றார் மெக்கானிக்.

"யாரோ வளர்த்து முடிச்சதுல நமக்குன்னு என்ன இருக்கு?"

சொன்ன பிறகுதான் மேஜைக்காரிக்கே உறைத்தது. கதவருகே சுண்டு நின்றுகொண்டிருந்தாள்.

(* 'ஓஹோ, நாய்க்கும் பிள்ளைக்கும் முடிச்சுப் போடுகிறான்' என்பீர்கள். போடாமல் தப்பிக்கத்தான் மூன்று பிரதி எழுதினேன். அவள் முந்திக்கொண்டாள்.)

3

நாய் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தண்ணீர் மட்டும் குடித்தது. சனிக்கிழமை மதியமும் நிறைந்த தட்டுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. எச்சில் மட்டும் தரையில் சொட்டியது. மேஜைக்காரி ராசா என்று கொஞ்சினாள். தின்னுத் தொலையேன் என்று கெஞ்சினாள். அசையவில்லை.

"பழைய ஆளு நெனப்பு. டிப்ரஷன்" என்றார் மெக்கானிக்.

"லிஃப்டுக்கு டிப்ரஷன் வருமா?"

"வரும். எந்த பட்டனை அமுக்கினாலும் நடுவுலயே நிக்கும்."

அப்போது அந்த மர்ம உருவம்... [சே. கைப்பழக்கம்.]

அப்போது சுண்டு சொன்னாள்: "அது காத்துக்கிட்டிருக்கு சித்தி. எடுத்துக்கன்னு இன்னும் யாரும் சொல்லலையே."

வேட்டைக்காரருக்குப் போன் போட்டார்கள். "தரையில ரெண்டு தட்டு தட்டினீங்களா? தட்டினாத்தானே வாய் வைக்கும். இல்லன்னா சுட்ட பறவையெல்லாம் அது வயித்துக்குள்ளல்ல போகும்? இதக்கூடவா சொல்லணும்?"

தட்டினார்கள். ஒரே மூச்சில் தட்டு காலி.

"உனக்கெப்படிடி தெரிஞ்சுது?"

"நானும் அப்படித்தானே சித்தி. நீங்க சொன்னாத்தானே ஃபிரிட்ஜைத் திறப்பேன்."

குறையாகச் சொல்லவில்லை, மணி என்னவென்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். என் பொண்ணு கேக்காம ஒரு பிஸ்கட்டைத் தொடமாட்டா என்று மருத்துவமனை முழுக்கப் பெருமையடித்தவள் மேஜைக்காரி. காலித் தட்டைக் கழுவ எடுத்துப் போனவள், குழாயைத் திறக்காமல் நின்றாள்.

4

ஞாயிறு காலை. வாசலில் வேட்டைக்காரர். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

வேட்டை நாய் தங்குகிறது: வீடு சுத்தம், தரை சுத்தம். ஆனால் சொன்னால்தான் தொடுவோம் என்று காத்திருக்க ஒரே வீட்டில் இரண்டு ஜீவன். அந்தத் தாளை மடித்து வைத்தேன்.

குட்டி வருகிறது: அது செருப்பைக் கடிக்க, சுண்டுவும் அடம்பிடிக்கக் கற்றுக்கொள்கிறாள். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் போக்கிடமில்லாத நாயோடு அந்த மனுஷன் தெருவில் திரும்பிப் போவதை யார் எழுதுவது?

இரண்டுமே... வேண்டாம். அது முடிவு தெரியாதவன் செய்கிற வேலை. வீட்டில் இருப்பதும் இரண்டே அறை.

ஆக, நடந்தது இது. மேஜைக்காரி தரையில் சுண்டுவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "நீ சொல்லு. உங்க இஷ்டம்னு மட்டும் சொல்லக் கூடாது." மெக்கானிக் ஏதோ சொல்ல வந்தார், கையைக் காட்டி அடக்கினாள்.

சுண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்க வேணாம்னு நெனச்சதைச் சொன்னாக்கூட?"

"அப்பவும் சரிதான்."

சுண்டு முகத்தை நாய்ப் பக்கம் திருப்பினாள். "எனக்கு..."

இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை முடித்தேன். பதினோரு முறையும் அடித்தேன். பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகிய பிள்ளை அவள். நான் ஒரு சொல்லை வைத்தால், அதையும் சரி என்று ஏற்றுக்கொள்வாள். அதனால் பேனாவை மூடிவிட்டேன்.

நீங்களும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். யோசிக்கிறாள்.