நாத்தனார் பார்த்த ஸ்கேன்

என் நாத்தனாருக்கு வாய் ஓயாது. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வேலை. நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் வயிற்றைப் பார்த்துப் பேசிப் பேசியே அக்காவின் நாக்கு அப்படி நீண்டுவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் தம்பி, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அதையே நான் சொன்னால் வீடு இரண்டாகிவிடும்.

எத்தனையோ வருடம் கழித்து நான் உண்டானபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. குனியாதே, ஓடாதே, அதைத் தூக்காதே என்று ஒரே அதட்டல். நான்காவது மாதம் முடிவதற்குள் பொறுமை போய்விட்டது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் வா, அறை காலியாக இருக்கும், நானே பார்த்துவிடுகிறேன் என்றாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எடுத்த படத்தை மருத்துவர் இன்னொரு முறை பார்த்த பிறகுதான் வெளியே சொல்வார்கள். நம் வீட்டுப் பிள்ளைதானே என்று அன்றைக்கு அவள் யாரையும் கூப்பிடவில்லை. வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, திரையை என் பக்கம் திருப்பி, இது முதுகெலும்பு, இது இதயம், இதோ பார் ரெண்டு கிட்னி என்று அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கு எல்லாம் மாவு சிந்தின மாதிரிதான் தெரிந்தது. ஆனாலும் அழுதேன். அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

ஐந்தாம் மாதம் எடுக்க வேண்டிய பெரிய ஸ்கேனின்போது எனக்கு வாந்தி நிற்கவே இல்லை. எழுந்து நின்றாலே கண் இருட்டும். நான்தான் பார்த்தாச்சே, எல்லாம் சரியாக இருக்கிறது, இந்த நிலையில் அலைய வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் நாத்தனார். வீட்டிலேயே ஸ்கேன்காரி இருக்கிறாள், எங்களுக்கு என்ன கவலை?

ஏழாம் மாதம் வயிறு மாதத்துக்குத் தகுந்தபடி இல்லையே என்று அவளுக்கே உறுத்தியது. மறுபடி போய்ப் படுத்தேன். உங்கப்பன் மாதிரியே சோம்பேறி, குப்புறப் படுத்துக் கிடக்கிறாய் என்று குழந்தையைத் திட்டிக்கொண்டேதான் ஆரம்பித்தாள். அப்புறம் பேச்சு நின்றது. கருவியை வைத்த இடத்திலேயே வைத்து அழுத்தினாள். பிறகு, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் படுங்கம்மா" என்றாள்.

என்னை அவள் 'வாங்க போங்க' என்று சொன்னதே இல்லை. அது வெளியாட்களிடம் பேசும் பேச்சு.

மருத்துவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவே இல்லை. எங்கோ ஒரு குழந்தைக்குத்தான் இப்படி வருமாம். குழந்தை சிறுநீர் கழித்தால்தான் பனிக்குடத்தில் நீர் இருக்கும், அந்த நீர் இருந்தால்தான் நுரையீரல் வளரும். இங்கே நீரே இல்லை. பிறந்தால் கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருக்கும் என்றார். முன்பே தெரிந்திருந்தால் வேறு வழிகளைப் பேசியிருக்கலாம், இப்போது நாள் கடந்துவிட்டது என்றார்.

அப்படியானால் அன்றைக்கு அவள் பார்த்தது என்ன? சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல ஒரு சுரப்பி இருக்குமாம். சிறுநீரகம் இல்லாவிட்டால் அது அந்த இடத்தில் நீட்டிப் படுத்துக்கொள்ளுமாம். அவசரத்தில் பார்த்தால் அதுதான் சிறுநீரகம் என்று தோன்றுமாம். நாலாம் மாதத்தில் நீரும் அவ்வளவாகக் குறைந்திருக்காதாம். மருத்துவர் இதைச் சொல்லும்போது நாத்தனார் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

வீட்டுக்கு வந்து நான் சும்மா இருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பெரியவர் சின்னவர் தெரியாது.

"பாத்தேன் பாத்தேன்னு சொன்னீங்களே, என்னத்தப் பாத்தீங்க? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

பதிலுக்கு அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "பாக்கணும்னு ஆசைப்பட்டதப் பாத்துட்டேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

அதோடு அவள் வாய் அடைத்துப்போனது. வீட்டில் பாத்திரச் சத்தம்கூட எழவில்லை. என் வீட்டுக்காரர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார், கண் சிவந்து வெளியே வந்து சோப்பு பட்டுவிட்டது என்பார். நான் அவளோடு பேசவில்லை. ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை அவளிடம்தான் கேட்க முடியும். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"உள்ள அதுக்கு வலிக்குதா அண்ணி?"

"இல்லடி. உள்ள இருக்கற வரைக்கும் அதுக்கு ஒரு குறையும் இல்ல. ரத்தத்தைச் சுத்தம் பண்றது நீ. மூச்சு விடறது நீ. அதுக்குன்னு எதுவும் வேண்டியதில்ல."

"அப்ப வெளிய வந்தாதான்."

"ஆமா" என்றாள்.

அன்றிலிருந்து நான் மாடிப்படி ஏறவில்லை. தும்மல் வந்தால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அதற்குப் புரள இடமில்லை. உதை என்று சொல்ல முடியாது, ஓர் அழுத்தல் மட்டும். அது வரும்போதெல்லாம் இரு, இரு, அங்கேயே இரு என்று சொல்வேன். சீக்கிரம் நல்லபடியாகப் பெற்றெடு என்று மளிகைக்கடைக்கார அம்மா வாழ்த்தினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்தில் எந்தத் தாய் பிரசவம் வரவே கூடாது என்று கும்பிட்டிருக்கிறாள்?

இன்று காலை அடுப்பில் பால் வைத்திருந்தபோது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. மாதம் இன்னும் ஆகவில்லை, வாய்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் பிடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு மேடையைப் பற்றிக்கொண்டு நின்றேன். கால்களை இறுக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டேன், அப்படிச் செய்தால் ஏதோ நின்றுவிடும் என்பதுபோல.

வேலைக்குக் கிளம்பிய நாத்தனார் தண்ணீர் பாட்டிலை எடுக்க உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து வயிற்றில் கை வைத்தாள். அது கல்லாக இறுகியிருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. சொன்னா உடனே வண்டிய எடுப்பாரு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவள் முகம் கோணிக்கொண்டு போனது. தோள்பையைக் கழற்றி ஓரமாகப் போட்டாள். என்னைத் தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்து, என் முதுகைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அடுத்த வலி வந்தபோது அவள் கையைக் கடித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர், அங்கே என்ன சத்தம் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லடா" என்றாள் நாத்தனார்.