வெட்டி எறிந்த மூச்சு

மேனேஜர் எழுதிய பத்திரிகை அறிக்கையைத் தங்கை மூன்றாவது தடவையாகப் படித்தாள். "இயந்திர யுகத்தின் நெற்றியில் கிடாரால் எழுதப்படும் மறுப்புரை" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் ஓடியது.

"இதுல நாம எதை மறுக்கிறோம் சார்?"

"அதையெல்லாம் கேக்காதம்மா. படிக்கிறவன் மிரளணும், அவ்வளவுதான்."

நிஜத்தில் மறுப்பு ஒரே வாக்கியம். அதுவும் சமையலறையில், பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் சொன்னது: "அத்தான், இனிமே அக்காவை நான் அழுத்த மாட்டேன்."

பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டரும் கீபோர்டும் வைத்துப் பாட்டுப் போடும் குழு. அக்கா பாடுவாள். அவள் கணவர், அதாவது அத்தான், இசையைக் கட்டுவார். கீபோர்டு தங்கைக்கு. தாளத்துக்கு இருந்தவரைத் 'தூண்' என்பார்கள். இரண்டு பொத்தானைத் தட்டிவிட்டு, மீதி நேரம் மேடைக்கூரையைத் தாங்குகிறவர் மாதிரி நிற்பார்.

அக்கா போய் இரண்டு வருஷம். போன பிறகும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். அவள் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, கட்டைக்கு ஓர் எழுத்தாக அத்தான் கீபோர்டில் ஏற்றிவைத்திருந்தார். தங்கை அழுத்தினால் அக்கா பாடுவாள், புதுப் பாட்டுக்கூட. ரசிகர்கள் அழுதார்கள். 'மரணத்தை வென்ற தொழில்நுட்பம்' என்று ஒரு விமர்சகர் எழுதினார். மரணம் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் அந்தக் குரலை மட்டும் தனியாக ஓடவிட்டபோதுதான் தங்கைக்கு உறைத்தது. வரிக்கும் வரிக்கும் நடுவே அக்கா உறிஞ்சி இழுக்கும் சின்னச் சத்தம் எங்கேயும் இல்லை. ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவளுக்குத் தெரிந்த சத்தம் அது.

"அத்தான், அக்காவோட மூச்சு எங்க?"

"சுத்தம் பண்றப்ப வெட்டிடுவேன் குட்டி. எல்லாரும் அப்படித்தான்."

"வெட்டாத பதிவு?"

அவர் ஹெட்போனின் வயரைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "இடத்தை அடைக்குதுன்னு அழிச்சுட்டேன். அப்ப அவ பக்கத்து ரூம்லதானே இருந்தா."

சமையலறை வாக்கியம் அதற்கு மறுநாள். அத்தான் வாதாடவில்லை. கிடாரை எடுத்தார். இரைச்சல், கரகரப்பு, ஆம்ப்ளிஃபயரின் உறுமல் என்று அத்தனை வருஷம் துடைத்தெறிந்த குப்பையை எல்லாம் வாரிவந்து பாட்டில் கொட்டினார். தூணுக்கு நிஜ டிரம்ஸ் வந்தது. முதல் வாரமே உள்ளங்கையில் கொப்புளம். "இவ்வளவு நாளா நின்னே ஓட்டிட்டேனேம்மா" என்று ஊதிக்கொண்டார்.

அத்தான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நீதான் பாடறே. ஆனா கீபோர்டும் மேடையில இருக்கட்டும். கூட்டம் அவளைக் கேட்டுக் கத்துச்சுன்னா போட்டுத்தான் ஆகணும்."

கத்தினால், அக்கா மறுபடி கட்டைகளுக்குள். அப்புறம் யார் கேட்டாலும் வெளியே விடமாட்டார்கள்.

கிடாரோடு நடந்த முதல் கச்சேரியில், தொடக்கப் பாட்டு வெடித்ததும் முன்வரிசை ஓரடி பின்வாங்கியது. ஆட வந்த பிள்ளைகள், அடிவாங்க வந்தவர்கள் மாதிரி விழித்தார்கள். விமர்சகர் மட்டும் கண்ணை மூடித் தலையாட்டினார். காதில் பஞ்சு தெரிந்தது.

மூன்றாவது பாட்டு முடிந்தபோது ஒருவன் கத்தினான்: "அக்கா எங்க?" பிறகு பத்துப் பேர். பிறகு ஹாலே.

மேடை ஓரத்தில் மேனேஜர் இரண்டு கையாலும் கீபோர்டைக் காட்டினார். அத்தான் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு அதை நோக்கி நடந்தார்.

தங்கைக்கு யோசிக்க நேரமில்லை. அக்காவின் முதல் பாட்டைப் பாடிவிடுவது என்று மைக்கிடம் போய் மூச்சை இழுத்தாள். பயத்தில் அது நீளமாக, ஈரமாக, நடுங்கி வந்தது. ஸ்பீக்கர்கள் அதைப் பெரிதாக்கி ஹால் முழுக்க வீசின.

அத்தானின் கை, பழக்கதோஷத்தில், கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த, மைக்கின் குரலைக் குறைக்கும் திருகிமேல் போய்விட்டது. அங்கேயே நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். தங்கையைத்தான் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் இன்னும் சிலர் கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தான் குனிந்து கீபோர்டின் வயரைப் பிடுங்கினார், கிடாரை மாட்டிக்கொண்டார். தூண் குச்சிகளைத் தூக்கினார்.

"குட்டி," என்றார் அத்தான், "மைக்கை இன்னும் கிட்ட வச்சுக்கோ."