முதுகில் சிவந்த கோடுகள்

...நடுமுதுகைத் தானே சுரண்டிக்கொள்ள முடியாது, காய்வென் இடது கையை மடக்கித் தன் முதுகிலேயே முயன்று பார்த்தான், எட்டவில்லை, இன்னொருவர் கை வேண்டும். மின்விசிறிக்கு முன்னால் பாயில் அவன் மனைவி ஷூயென் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், சட்டை மேலேறிக் கிடந்தது, முதுகெலும்பின் இரு பக்கமும் கருஞ்சிவப்புக் கோடுகள், மீன் முள் மாதிரி, ஒன்றுகூடக் கோணலில்லை. வெயில் தாக்கியவர்களுக்குச் சூடு இறங்க எண்ணெய் தடவிப் பீங்கான் கரண்டியின் விளிம்பால் இப்படித்தான் சுரண்டுவார்கள், அது சரி, சுரண்டியது யார்? அலுவலகத்து ஆட்களோடு மூன்று நாள் தெற்கே தைனான் நகருக்குப் போய்விட்டு நேற்று மாலைதான் வந்தாள், நன்றாக இருந்தது என்றாள், காலையில் மாட்டிறைச்சி சூப் குடித்தோம் என்றாள், முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலையில் தைனானா, வேண்டாம் என்றுதான் சொன்னான், கேட்கவில்லை, சரி, போகிறவளுக்கு எல்லாம் சொல்லித்தானே அனுப்பினான், பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை கோயிலோ கடையோ ஏதாவது கூரைக்குள் இரு, தெருவில் இறங்கினால் கடைத் தாழ்வாரத்துக்குள்ளேயே நட, தாகம் எடுக்குமுன் குடி, வியர்த்தால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடி, ஈரத் துண்டைப் பிடரியில் போட்டுக்கொள், தலை சுற்றினால் நிழலில் உட்கார்ந்து எனக்கு போன் பண்ணு... "நான் கட்டினது புருஷனையா, வானிலை அறிக்கையையா?" என்று சிரித்தாள். அவன் வைத்தனுப்பிய உப்பு மிட்டாய் பையில் உறை பிரியாமல் திரும்பி வந்திருந்தது. தலை சுற்றியிருக்கிறது, போன் வரவில்லை, யாரோ கைத்தாங்கலாய்க் கூட்டிப் போயிருக்கிறான், யாரோ என்ன யாரோ, லியாங்தான், அவள் பக்கத்து மேசைக்காரன், அலுவலகத்து விருந்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே, நான் சுரண்டினா பொணம்கூட எந்திரிச்சு சோறு கேக்கும்!" என்று கத்தினானே, எல்லாரும் சிரித்தார்கள், ஷூயென் கண்ணில் நீர் வரச் சிரித்தாள், காய்வென் சொன்ன எதற்காவது அப்படிச் சிரித்திருக்கிறாளா? கோடுகள் உள்ளாடைக் கொக்கி இருக்கும் இடத்திலும் தடையில்லாமல் போகின்றன, அப்படியானால் கொக்கியைக் கழற்றியது யார், அவளா, அவனா, கதவு திறந்திருந்ததா...

"என்ன அப்படி முறைக்கிற?" கண்ணைப் பாதி திறந்து கேட்டாள்.

"முதுகு."

"ஓ, அதுவா. ரெண்டாம் நாள் மயக்கம் வந்துருச்சு. நாங்க தங்கின வீட்டுக்காரம்மா சுரண்டிவிட்டாங்க."

"லியாங் இல்ல?"

"லியாங்கா! அவன் எனக்கு முன்னாடியே விழுந்துட்டான். அந்தம்மா ரெண்டு இழுப்பு இழுத்ததுக்கே பன்னி மாதிரி கத்தினான்." சிரித்தாள், பிறகு நிறுத்தினாள். "நீ அவன்னு நெனச்சியா? லூசு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, தொப்பி போட்டியா, உப்புத் தண்ணி குடிச்சியான்னு ஆரம்பிப்ப. அந்தம்மா ஒண்ணும் கேக்கல. படுடின்னாங்க, படுத்தேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சற்று நேரத்தில் மூச்சு சீரானது. லியாங் இல்லை, முகம் தெரியாத ஒரு வீட்டுக்காரி, இனி நிம்மதியாய் எழுந்து போய்க் குளிக்கலாம், அவன் எழவில்லை. போன கோடையில் இவளுக்குத் தலை சுற்றியபோது கரண்டியை எடுத்தது அவன்தான், மூன்றாவது கோட்டிலேயே போதும் விடு என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள், வலிக்கிறது போலும் என்று நினைத்தான், வலிதான் என்றே இத்தனை நாள்... ஒரு பக்கம் எண்ணினான், ஒன்பது, மறுபக்கமும் ஒன்பது, பதினெட்டுக்கும் அசையாமல் படுத்திருந்திருக்கிறாள். லியாங்காக இருந்திருந்தால் போய்ச் சட்டையையாவது பிடிக்கலாம், இதற்கு யார் சட்டையை...